இது நீங்களா

விசுவமடுச் சந்தி, ரீலோட் கடை வாசல்.
பத்தொன்பது வயதில் கணக்குத் திறந்தேன்.
பெயர் கேட்டது, பாதிப் பெயர் கொடுத்தேன்.
ஊர் கேட்டது, கிளிநொச்சி என்றேன்.
மாவட்டமே வேறு, பரவாயில்லை.
படம் கேட்டது.
கார்மெண்ட்ஸ் பஸ்சின் யன்னல் கம்பியைக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் என்னிடம் கேட்டது:
இந்தப் படத்தில் இருப்பது நீங்களா?

பதினொரு வயது.
இளஞ்சிவப்பு லுமாலா. சீற்றில் பொலித்தீன் கழற்றவில்லை.
ஒரு ஹாண்டில் என் கையில்.
மற்றது டென்மார்க்கிலிருந்து வந்த அங்கிளின் கையில்.
பின்னால் பனர், பனரில் அவருடைய அம்மா.
அவவின் நினைவு நாளுக்குத்தான் எனக்குச் சைக்கிள்.
"இன்னொருக்கா எடுப்பம், சிரியாமல் நில்லு பிள்ளை"
என்று படம் எடுத்தவர் சொன்னது ஞாபகம்.
முதல் படத்தில் நான் பல் தெரியச் சிரித்திருந்தேன்.
அது எங்கேயும் இல்லை.

கீழே எழுதியிருந்தார்கள்:
தந்தையார் வலது காலை இழந்தவர்.
தாயார் நுண்கடனில், பதினாறு கிழமை நிலுவை.
கிணறு இல்லை. மலசலகூடத்துக்குக் கதவு இல்லை.
என் முழுப் பெயர், வகுப்பு, பள்ளிக்கூடம்.
நானூற்றுப் பன்னிரண்டு பேர் விரும்பியிருந்தார்கள்,
எதை என்று தெரியவில்லை.
கதவு பிறகு போட்டுவிட்டோம்.
அங்கே இன்னும் இல்லை.

விரலால் கீழே இழுத்தேன், கீழே, கீழே.
பாவம். பாவம். கூப்பிய கைகள்.
"காதில தோடு கிடக்குதே" என்று ஒருவர்
கணக்குப் பார்த்திருந்தார்.
அது கவரிங், அங்கிள்.
எட்டு வருசம் பிந்தின பதிலை
எழுதி, அழித்தேன்.

எண்பத்தேழாவதில் விரல் நின்றது.
"இது வதனமலர் அக்காவின்ர மகளோ?
அந்த நெத்தி எங்கட நெத்தி.
ஆராவது நம்பர் தாங்கோ."

சின்னம்மா.
மாத்தளனில் கை விட்டுப் போனவ.
மூன்று வருசம் அம்மா படிவம் படிவமாய்
எழுதிக்கொடுத்த பெயர்.
இந்தியா போய், எங்கெங்கோ போய்,
நோர்வேயில் ஒரு மீன் தொழிற்சாலையில் இருந்து
என் நெற்றியைக் கண்டுபிடித்தவ.
அவ எடுத்த அன்று அம்மா போனைக் காதில் வைத்தபடி
வளவெல்லாம் நடந்தா. கதைக்கவேயில்லை.
கோழிக்கூட்டைத் திறந்தா, மூடினா,
திரும்பவும் திறந்தா.
இருட்டினபிறகு கோழிகளை நாங்கள்தான் பிடித்து அடைத்தோம்.

நம்பர் எப்படிக் கிடைத்தது என்று
அன்றைக்கு ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

ஓம் என்று அமத்தினால்
நிலுவையும் காலும் என் பெயரில் வந்து ஒட்டும்.
லைன் சுப்பவைசர் பார்ப்பான்.
ஒரு பெடியன் இருக்கிறான், அவனுடைய அக்கா பார்ப்பா.
இல்லை என்று அமத்தினால்
நெற்றியை வைத்துத் தேடுகிற இன்னொரு ஆள்
என்னைத் தாண்டிப் போய்விடலாம்.
எங்களுக்கு இன்னும் நாலு பேர் பாக்கி.

அப்பாவிடம் காட்டினேன்.
இரண்டு விரலால் பெருப்பித்து, கண்ணைச் சுருக்கி
ஒவ்வொரு எழுத்தாய் வாசித்தார்.
"வலது எண்டு போட்டிருக்கிறான்" என்றார்.
குனிந்து தன்னைத் தானே ஒருக்கால் பார்த்தார்.
இடது.
அப்படி ஒரு சிரிப்பை நான் அவரிடம் கண்டதில்லை.
"இருக்கட்டும் பிள்ளை. அது ஆரோ வேற ஆளின்ர கால்.
என்ர கால் என்னட்டத்தான் இல்லை."

கேள்வி அப்படியே கிடக்கிறது.
வேலைக்குப் போகும்போதும் கேட்கிறது,
வரும்போதும் கேட்கிறது.

நேற்றுச் சின்னம்மாவுக்கு, அவவுக்கு மட்டும்,
ஒரு படம் அனுப்பினேன்:
எங்கள் கக்கூஸ் கதவு. நீலப் பெயின்ற்.
கதவு சாத்தியிருந்தது.

"வடிவாயிருக்கு. உன்ர முகம் எங்கயடி?"

உள்ளுக்கு நிக்கிறன், சின்னம்மா.
தாழ்ப்பாள் போட்டிருக்கு.
கூப்பிட்டால் கேட்கும்.